நிமோனியாவுக்கும் அக்கிலீஸ் வலிக்கும் பிறகு மறுபடி டிரெயில் அல்ட்ரா

உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்டது இப்படி. முன்பு 100 கி.மீ. வரை டிரெயில் அல்ட்ரா, அதாவது மலை, காட்டுப் பாதைகளில் மாரத்தானைவிட நீண்ட ஓட்டம், ஓடியிருக்கிறீர்கள். நிமோனியா வந்து மருத்துவமனையில் சேர வேண்டியதாயிற்று. தேறி எழுந்து ஓடத் தொடங்கிய சில வாரங்களில் குதிகாலுக்கு மேலே அக்கிலீஸ் தசைநாணில் வலி. நோயும் வலியுமாக 7 மாதம் போய்விட்டது. இப்போது மூச்சு பரவாயில்லை, ஆனால் காலையில் எழுந்ததும் குதிகால் இறுகிக் கிடக்கிறது. இன்னும் 10 மாதத்தில் 80 கி.மீ. தூரமும் 4,000 மீட்டர் ஏற்றமும் கொண்ட ஒரு பந்தயம். ஓட முடியுமா, எங்கே தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

10 மாதம் தாராளமான காலம்தான். முடியும் என்றே சொல்வேன். ஆனால் பந்தயத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டம் போடாதீர்கள். உங்கள் உடம்பில் எது கடைசியாகத் திரும்புமோ அதை வைத்துப் போடுங்கள். மூச்சு வாரக் கணக்கில் திரும்பும், தசைநாணுக்கு மாதக் கணக்கு ஆகும். உங்கள் அக்கிலீஸ் கெட்டதும் இந்த இடைவெளியில்தான் என்று நினைக்கிறேன். மூச்சு வந்துவிட்டது என்று பழைய வேகத்துக்குப் போயிருப்பீர்கள், கால் அதற்குத் தயாராக இருந்திருக்காது.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். நிமோனியாவுக்கு என்ன ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள்? டிஸ்சார்ஜ் தாளை எடுத்துப் பாருங்கள். லெவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் கதை கொஞ்சம் மாறும். ஃப்ளூரோகுவினலோன் வகையைச் சேர்ந்த இந்த மருந்துகள் தசைநாணை, குறிப்பாக அக்கிலீஸை, அழற்சிக்கும் கிழிசலுக்கும் ஆளாக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008இல் மிகக் கடுமையான எச்சரிக்கையை மருந்துத் தாளிலேயே அச்சிட வைத்தது. மருந்து தொடங்கிய ஓரிரு நாளிலும் பிரச்சினை வரலாம், நிறுத்திச் சில மாதம் கழித்தும் வரலாம். கூடவே ஸ்டீராய்டு கொடுத்திருந்தாலோ, வயது 60க்கு மேல் என்றாலோ ஆபத்து இன்னும் அதிகம். மருந்து கொடுத்த மருத்துவர் தப்புச் செய்தார் என்று சொல்ல வரவில்லை. நிமோனியாவில் அது உயிர் காக்கும் மருந்து. ஆனால் பெயர் அதுதான் என்றால் பிசியோவிடம் கட்டாயம் சொல்லுங்கள், பயிற்சியை இன்னும் மெதுவாக ஏற்றுவார். அடுத்த முறை எந்தக் காய்ச்சலுக்குப் போனாலும் தசைநாண் தொந்தரவு இருந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேறு மருந்து பொருந்தினால் அதைத் தருவார்கள். ஓட்டக்காரர்களில் நிறையப் பேருக்கு இந்தத் தொடர்பே தெரியாது. புது ஷூ, தப்பான ஷூ என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

நுரையீரல் பக்கம் வருவோம். நிமோனியாவுக்குப் பின் 6 வாரத்தில் இருமலும் மூச்சிரைப்பும் பெரும்பாலும் குறைந்திருக்க வேண்டும், 3 மாதத்தில் களைப்பைத் தவிர மற்றவை போயிருக்க வேண்டும், 6 மாதத்தில் பெரும்பாலோர் பழைய நிலைக்கு வந்துவிடுவார்கள் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் சொல்கிறது. நீங்கள் அந்த 6 மாதத்தைத் தாண்டிவிட்டீர்கள். இருந்தாலும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று இதயம். ஓடும்போது நெஞ்சில் வலி அல்லது அழுத்தம், காரணமில்லாத படபடப்பு, மயக்கம் வருவதுபோல் தலைசுற்றல், முயற்சிக்குப் பொருந்தாத மூச்சிரைப்பு, இவற்றில் ஒன்று வந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு இதய மருத்துவரைப் பாருங்கள். வைரஸ் தொற்றுகளுக்குப் பின் இதயத் தசையில் அழற்சி வருவதுண்டு. அது உறுதியானால் 3 முதல் 6 மாதம் கடும் உடற்பயிற்சி கூடாது என்பதே பல ஆண்டுகளாக இருந்துவரும் வழக்கம். அதை ‘மெதுவாக ஓடிப் பார்க்கிறேன்’ என்று சமாளிக்க முடியாது.

இரண்டாவது இன்னும் தந்திரமானது. இன்று நன்றாக ஓடுவீர்கள், அன்றைக்கு ஒன்றும் தெரியாது. நாளையோ மறுநாளோ காய்ச்சல் வந்ததுபோல் உடம்பு அடித்துப் போட்டுவிடும், தூங்கி எழுந்தாலும் களைப்பு போகாது, மூளை மந்தமாக இருக்கும். இது சாதாரணப் பயிற்சிக் களைப்பு அல்ல. உழைப்புக்குப் பிந்தைய சரிவு என்று இதைச் சொல்கிறார்கள், கோவிட்டுக்குப் பின் நிறையப் பேருக்கு வந்தது. சாதாரணக் களைப்பு என்றால் படிப்படியாக ஏற்றினால் உடம்பு பழகும். இதில் படிப்படியாக ஏற்றுவதே கெடுதல். அதனால்தான் நாட்பட்ட களைப்பு நோய்க்குப் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை நைஸ் 2021இல் விலக்கியது. எனவே முதல் 3 வாரம் ஓட்டத்தின் நேரத்தை மட்டும் எழுதாமல், 48 மணி நேரம் கழித்து எப்படி இருந்தது என்பதையும் எழுதுங்கள். காலையில் எழுந்ததும் நாடித் துடிப்பு, தூக்கம், பசி மூன்றும் போதும். விலை உயர்ந்த வாட்ச் தரும் ‘தயார்நிலை’ மதிப்பெண்ணை நான் பெரிதாக நம்புவதில்லை.

இந்தச் சரிவு உங்களுக்கு இல்லை என்றால், உடல்திறன் திரும்புவதைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். ஓட்டத்தை நிறுத்தினால் முதல் இரண்டு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது, அதனால் பழைய வேகத்துக்கே இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. நல்ல பயிற்சியில் இருந்தவர்களை 84 நாள் சும்மா இருக்க வைத்து 1984இல் வந்த ஒரு பழைய ஆய்வு உண்டு. உச்ச ஆக்சிஜன் பயன்பாடு முதல் 21 நாளில் 7 சதவீதம் குறைந்தது, 56 நாளுக்குப் பிறகு பழைய அளவைவிட 16 சதவீதம் கீழே போய் அங்கேயே நின்றது. அடியோடு போய்விடவில்லை. நீங்கள் ஆண்டுக்கணக்கில் கட்டியது பெரும்பாலும் இருக்கிறது. முதல் மாதத்திலேயே வேகம் ஏறுவது தெரியும், ஆபத்தும் அங்கேதான். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் அக்கிலீஸ் உடல் எடையைப்போல் 6 மடங்குக்கும் மேல் இழுவிசையைத் தாங்குகிறது. அதைத் தாங்கும் இழைகள் மெல்லத்தான் மாறும்.

அக்கிலீஸில் வலி எந்த இடம் என்று முதலில் பிரித்துப் பாருங்கள். கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் நாணைப் பிடித்துக் கீழிருந்து மேலே அழுத்திக்கொண்டே போங்கள். குதிகால் எலும்புக்கு மேலே மூன்று நான்கு விரற்கடை உயரத்தில், தடித்ததுபோல் இருக்கும் இடத்தில் வலித்தால் அது நடுப்பகுதிப் பிரச்சினை. எலும்பில் ஒட்டும் இடத்திலேயே வலித்தால் அது ஒட்டுமிடப் பிரச்சினை. இரண்டுக்கும் பயிற்சி கிட்டத்தட்ட ஒன்றுதான், ஒரு வித்தியாசம் உண்டு. நடுப்பகுதிக்குப் படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலைப் படிக்குக் கீழே வரை மெல்ல இறக்கலாம். ஒட்டுமிடத்துக்கு அப்படி இறக்கினால் நாண் எலும்பில் போய் அழுந்தும், வலி கூடும். சமதரையிலேயே செய்யுங்கள். கெண்டைக்காலை இழுத்து நீட்டும் பயிற்சியையும் ஒட்டுமிடத்தில் வலி உள்ளவர்கள் விட்டுவிடுவது நல்லது. பலர் அதைத்தான் அதிகம் செய்து கெடுத்துக்கொள்கிறார்கள்.

பயிற்சி முறைக்கு இரண்டு வழி. 1998இல் வெளியான ஆல்ஃபிரெட்சன் முறையில் முழங்காலை நீட்டி 15 முறையாக 3 சுற்று, மடக்கி 15 முறையாக 3 சுற்று, நாளுக்கு இருவேளை, 12 வாரம். வேலை செய்யும், ஆனால் சலிப்பு தட்டும். இன்னொன்று, வாரம் மூன்று நாள் மட்டும், கனமான எடையோடு, மெதுவாக. மூன்று நொடியில் மேலே, மூன்று நொடியில் கீழே. 15 முறை தூக்கக்கூடிய எடையில் தொடங்கி, வாரங்கள் போகப்போக 6 முறைதான் தூக்க முடியும் என்ற எடைவரை ஏற்றுவது. இரண்டையும் ஒப்பிட்டு 2015இல் வந்த ஆய்வில் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வேலைக்குப் போய்க்கொண்டு ஓடுகிறவர்களுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். முதுகுப்பையில் புத்தகம் நிரப்பிக்கொண்டு செய்யலாம் என்பார்கள். ஆரம்பத்துக்கு அது சரி, மூன்றாவது மாதத்தில் போதாது. உடல் எடையில் பாதியாவது கூடுதலாகச் சுமந்து, ஒரு காலில் எழுந்து இறங்க முடிய வேண்டும். அல்ட்ரா ஓடுகிறவருக்கு அது பெரிய இலக்கு அல்ல.

வலி கொஞ்சமும் இருக்கக் கூடாது என்று காத்திருந்தால் இந்த ஆண்டு முழுதும் காத்திருப்பீர்கள். 10க்கு 5 வரை வலி பயிற்சியிலும் ஓட்டத்திலும் இருக்கலாம், ஆனால் மறுநாள் காலைக்குள் அது அடங்கியிருக்க வேண்டும், வாரத்துக்கு வாரம் காலை இறுக்கம் கூடக் கூடாது. பிசியோக்கள் பரவலாகப் பயன்படுத்தும் அளவுகோல் இது. மலைப்பாதை ஓட்டக்காரர்கள் வலியைக் குறைத்துச் சொல்லும் ஜாதி என்பதால் 5 என்பதை 3 என்று எடுத்துக்கொள்ளச் சொல்வேன். படுக்கையிலிருந்து இறங்கி எத்தனையாவது அடியில் இறுக்கம் விடுகிறது என்று பாருங்கள். நேற்றுப் பத்தாவது அடியில் விட்டது இன்று குளியலறை வரை போயும் விடவில்லை என்றால், நேற்று ஓடியது அதிகம். அன்று ஓட வேண்டாம், எடைப் பயிற்சியையும் ஒரு நாள் தள்ளுங்கள். கடும் சுமைக்குப் பிறகு முதல் 24 முதல் 36 மணி நேரம் நாணில் கட்டுவதைவிடச் சிதைவதே அதிகம். அதனால் ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் இடையே முதல் இரண்டு மூன்று மாதம் ஒரு நாள் இடைவெளி வேண்டும்.

இப்போது டிரெயில். காயத்திலிருந்து திரும்புகிறவர்களுக்குப் பொதுவாகச் சொல்லும் அறிவுரை, முதலில் செங்குத்து ஏற்றத்தில் நட, அதிர்வு குறைவு, இறக்கத்தைக் கடைசியில் வைத்துக்கொள் என்பது. முழங்காலுக்கு அது சரி. அக்கிலீஸுக்கு ஏற்றம்தான் எதிரி. செங்குத்தில் குதிகால் கீழே தொங்க, கணுக்கால் மடங்கி, நாண் முழு நீளத்துக்கு இழுபடுகிறது. எனவே உங்களுக்கு வரிசை வேறு. முதலில் சமமான மண்பாதை. அப்புறம் மென்மையான ஏற்ற இறக்கம். செங்குத்து ஏற்றத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கட்டம் வரும்போதும் நடையாக, நடைக்கம்பு (டிரெக்கிங் போல்) ஊன்றி, முடிந்த இடங்களில் குதிகால் படியும்படி பாதத்தை முழுதாக வைத்து ஏறுங்கள். முன்னும் பின்னும் ஒரே உயரம் உள்ள ஷூவை இந்த ஆண்டு தொடாதீர்கள். குதிகால் 8 முதல் 10 மி.மீ. உயர்ந்த ஷூ போதும்.

இறக்கத்துக்கு வேறு வகைத் தயாரிப்பு. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது, அதில்தான் தசை இழைகள் சேதமாகின்றன. வலி 24 முதல் 72 மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும். நல்ல செய்தி என்னவென்றால், ஒரு முறை மிதமாக இறங்கிப் பழக்கினாலே அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் பாதி அளவுகூட வலிக்காது. எனவே வாரந்தோறும் கடும் இறக்கம் தேவையில்லை. பத்து நாளுக்கு ஒரு முறை, 200 மீட்டர் இறக்கத்தில் தொடங்கி, குறுகிய அடிகளில் இறங்கினால் போதும். எட்டாவது மாதத்தில் 1,000 மீட்டர் தொடர் இறக்கத்துக்கு வந்திருக்க வேண்டும். 7 மாதம் மேடுபள்ளத்தில் கால் வைக்காததால் கணுக்காலும் கண்ணும் சேர்ந்து வேலை செய்வது மந்தமாகியிருக்கும். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள், பழகியதும் கண்ணை மூடிக்கொண்டு. பாறைப் பாதையில் முதல் முறை போகும்போது வெளிச்சத்தில், களைப்பில்லாமல், நடந்தே போங்கள்.

ஓட்டத்தின் அளவை தூரத்தில் எண்ணாமல் நிமிடத்தில் எண்ணுங்கள். 2 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, மொத்தம் அரை மணி, ஒருநாள் விட்டு ஒருநாள். தொடர்ந்து 40 நிமிடம் ஓட 6 முதல் 8 வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 10 சதவீதம் என்ற பழைய கணக்கைப் பிடித்துத் தொங்க வேண்டாம். 2008இல் புதிய ஓட்டக்காரர்களிடம் சோதித்தபோது, அந்தக் கணக்குப்படி ஏற்றியவர்களுக்கும் வேகமாக ஏற்றியவர்களுக்கும் காயம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்தது. 2025இல் 5,000க்கும் மேற்பட்டவர்களின் ஓட்டங்களை வைத்துப் பார்த்ததில் வேறொன்று தெரிந்தது. கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் நீளமான ஒற்றை ஓட்டம்தான் காயத்தோடு சேர்ந்து வந்தது. அல்ட்ராக்காரர்கள் மாட்டிக்கொள்வது சரியாக இங்கேதான். வாரம் முழுதும் அடக்கமாக இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று 15 கி.மீ.யிலிருந்து 30க்குத் தாவுவது. என் பார்வையில் டிரெயிலில் இந்த 10 சதவீதத்தைத் தூரத்துக்கும் ஏற்றத்துக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே ஓட்டத்தில் கூட்டாதீர்கள்.

சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நோயில் எடை குறைந்திருந்தால் அதை ஆதாயமாக நினைக்காதீர்கள், முதலில் திரும்பப் பெறுங்கள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டுவது) வைட்டமின் டி-யும் கேளுங்கள். உணவு போதாமல் ஓடுகிறவர்களுக்கு எலும்பில் கீறல் விழும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றால் அது தெளிவான அபாய அறிகுறி. கவட்டையில் ஆழமான வலி வந்தால், ஒற்றைக் காலில் குதித்தால் அது கூடினால், ‘தசைப்பிடிப்பு’ என்று ஒதுக்காமல் அன்றே ஓட்டத்தை நிறுத்தி ஸ்கேன் எடுங்கள். தொடை எலும்பின் கழுத்தில் கீறலாக இருக்கலாம், அது முழுதாக முறிந்தால் அறுவை சிகிச்சைதான். குடலும் பயிற்சியை மறந்திருக்கும். ஓடும்போது மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து இறங்கப் பழகியிருந்த வயிறு இப்போது 30க்கே முரண்டு பிடிக்கலாம். இரண்டு மணி நேரம் தாண்டும் ஓட்டங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

2019 ஜூன் கடைசியில் இடுப்பு வலியால் அமெரிக்காவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் அல்ட்ரா பந்தயத்தில் பாதியில் விலகிய ஓட்ட வீராங்கனை கோர்ட்னி டவால்டர், அதே ஆகஸ்ட் கடைசியில் ஆல்ப்ஸ் மலையில் நடக்கும் யு.டி.எம்.பி. பந்தயத்தை வென்றார். இந்த மாதிரிக் கதைகளை உங்களிடம் யாராவது சொல்வார்கள். அவர் இழந்தது சில வாரம், உச்ச நிலையில் இருந்து இழந்தது. நீங்கள் இழந்தது 7 மாதம், கூடவே நுரையீரல் நோய். அந்தக் கணக்கு உங்களுக்கு ஆகாது.

பந்தயத்துக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்தையும் 1 கி.மீ. என்று வைத்துத் தூரத்தோடு கூட்டும் முறை டிரெயில் உலகில் வழக்கம். உங்கள் பந்தயம் 80 கூட்டல் 40, அதாவது 120. கட்-ஆஃப், அதாவது முடிக்க வேண்டிய நேர வரம்பு, 18 மணி நேரம் என்று வையுங்கள், மணிக்கு 6.7 வர வேண்டும். ஆறாவது ஏழாவது மாதத்தில் 20 கி.மீ. தூரமும் 1,000 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதையைச் சிரமமில்லாமல் போய்ப் பாருங்கள், அது 30. நான்கு மணி நேரம் ஆனால் மணிக்கு 7.5. இது இழுபறி. பிற்பாதியில் வேகம் குறையும், இரவு வரும், வழியில் உணவும் உதவியும் தரும் எய்ட் ஸ்டேஷனில் நிற்பீர்கள். 9க்குப் பக்கத்தில் வந்தால் நிம்மதியாகப் போகலாம். எட்டாவது மாதத்தில் 45-50 கி.மீ. பந்தயம் ஒன்றை, முடிந்தால் ஒரே வட்டத்தைப் பல முறை சுற்றும் பாதையாக, போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் விலக வழி இருக்கும். பெரிய பந்தயத்தில் பணம் திரும்பக் கிடைக்கும் அல்லது பதிவை அடுத்த ஆண்டுக்கு மாற்றும் கடைசித் தேதிக்கு இது முன்னால் விழ வேண்டும், இல்லாவிட்டால் கட்டிய பணத்துக்காகவே போய் நிற்பீர்கள்.

பந்தயத்தன்று அக்கிலீஸுக்காக இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதுவும் பையில் வேண்டாம். 80 கி.மீ. ஓட்டத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2017இல் வந்தது. இபுப்ரோஃபென் எடுத்தவர்களில் 52 சதவீதத்தினருக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 34 சதவீதத்தினருக்கும் சிறுநீரகப் பாதிப்பு தெரிந்தது. தசைச் சிதைவும் நீரிழப்பும் சிறுநீரகத்தை ஏற்கெனவே நெருக்கிக்கொண்டிருக்கும், மாத்திரை அதன் ரத்த ஓட்டத்தை இன்னும் குறைக்கும். சிறுநீர் கறுத்த காபி நிறத்தில் போனால் எந்த கி.மீ.யில் இருந்தாலும் பந்தயத்தை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். நாணில் வலி 5ஐத் தாண்டி நடை கோணினால் அடுத்த எய்ட் ஸ்டேஷனில் நின்றுவிடுங்கள். குதிகாலுக்குப் பின்னால் யாரோ உதைத்ததுபோல் சட்டென்று ஒரு அடி விழுந்து, முன்பாதத்தில் ஊன்றி எழ முடியாமல் போனால் நாண் அறுந்திருக்கலாம். அந்தக் காலில் ஓர் அடிகூட நடக்காமல் அங்கேயே உட்கார்ந்து மீட்புக் குழுவைக் கூப்பிடுங்கள்.